மறுமொழி: ‘காந்தத் தூண்டல்’ என்ற சொல் குறித்து

அன்பின் கலைச்சொற் குழுவினருக்கு,

தலைக்கு மேல் கம்பிச்சுருளை வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சைக்கு (ஆங்கிலத்தில் transcranial magnetic stimulation) நீங்கள் ‘காந்தத் தூண்டல்’ என்று முன்மொழிந்திருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

சென்ற வாரம் ஹட்டனில் என் தரம் 11 வகுப்பில் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, என்ன விளங்குகிறது என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தால் மின்னோட்டத்தைக் காட்டும் கல்வனோமானியின் முள் அசையும் என்றாள். அவள் சொன்னது சரிதான். பௌதிகத்தில் தூண்டல் என்றால் 1831இல் மைக்கேல் பரடே கண்டது: மாறும் காந்தப்புலம் மின்னை உண்டாக்குவது. உயிரியலில் தூண்டல் என்றால் வேறு: உடலைச் செயற்பட வைப்பது தூண்டல், அதற்கு உடல் காட்டும் எதிர்வினை தூண்டற்பேறு. இந்தச் சிகிச்சையிலோ இரண்டுமே நடக்கின்றன. சுருளில் மின்னோட்டம் சட்டென மாறும்போது எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து மூளையில் மின்னைத் தூண்டுகிறது; அந்த மின் நரம்புக் கலங்களைத் தூண்டுகிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டியது இதைத்தான். இரண்டு படிகளையும் ஒரே சொல் விழுங்கிவிடக் கூடாது.

என் பரிந்துரை: காந்தத்துடிப்பு மூளைத்தூண்டல்.

காந்தப்புலம் சட்டென எழுந்து அடங்குவதே துடிப்பு. அந்தச் சொல் இல்லாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசவே முடியாது. ஒற்றைத் துடிப்பு வேறு, தொடர்துடிப்பு வேறு. வலிப்பு வருவது அரிது. ஆனாலும் துடிப்புகளின் வேகம், வலு, இடைவெளி ஆகியவற்றை வரையறுத்திருப்பது அந்த அச்சத்தால்தான். தலைக்குள் உலோகம் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

‘தூண்டல் என்றால் மூளையின் செயலைக் கூட்டுவது மட்டும்தானே?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையின் இடப்பக்க மொழிப்பகுதிக்கு விரைவான துடிப்புகளைக் கொடுத்தபோது, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு தடைப்பட்டது. அதாவது துடிப்புகள் செயலைத் தடுக்கவும் கூடும். ஆனால் நாம் பெயரிடுவது செய்கைக்கு, விளைவுக்கு அல்ல.

ஆங்கிலத்து transcranial என்பதற்கு ஈடாக ‘மண்டையோட்டினூடான’ என்ற முன்னொட்டு வேண்டாம்; மக்களுக்குப் பழகிய சொற்களே போதும். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். இந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னதும், “கரண்ட் வைப்பார்களா தம்பி? நினைவு போய்விடாதா?” என்று சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் நினைத்த மின்னதிர்ச்சிச் சிகிச்சையைப் போல இதில் மயக்க மருந்து இல்லை, வலிப்பை வரவழைப்பதும் இல்லை, நினைவிழப்பு இதன் வழக்கமான பக்கவிளைவு அல்ல, சுருள் டக் டக் என்று ஒலிப்பதால் காதுக்கு அடைப்பான் வைப்பார்கள், தலைவலி வரலாம் என்று விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, “விளக்குத் திரியைத் தூண்டுவது போலவா?” என்றார். ‘தூண்டல்’ அவரிடம் முன்பே இருந்த சொல்.

துடிப்புகளை அடுத்தடுத்துக் கொடுக்கும் முறைக்குப் பெயர் தொடர்துடிப்பா, மீள்துடிப்பா என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். ‘மீள்துடிப்பு’ என்றால் நின்ற இதயம் மீண்டும் துடிப்பதாகத் தோன்றும். என் வாக்கு தொடர்துடிப்புக்கே.