சயாம் மரண ரயில்பாதை: காஞ்சனபுரி போகிறவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துத் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை இது. ரயிலில் ‘நாம் தோக்’ நிலையம் வரை போனால், பாதைக்காக அவர்கள் மலையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 415 கிலோமீட்டர் பாதையில் இன்று வண்டி ஓடுவது நாம் தோக் வரைதான். மலைவெட்டு அதற்கும் அப்பால் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். காஞ்சனபுரி பேருந்து நிலையத்தில் சங்க்லாபுரி வண்டி ஏறினால் 80 கிலோமீட்டரில் இறங்கிக்கொள்ளலாம். திரும்பும் வண்டி நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள், பொழுது சாய்ந்தால் திண்டாட்டம்.

மலைவெட்டின் மேலே உள்ள அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது, ஒலி வழிகாட்டியும் இலவசம். அதை வாங்காமல் கீழே இறங்கினால் வெறும் பாறையைத்தான் பார்ப்பீர்கள். படிகள் செங்குத்து, இறங்குவது எளிது, ஏறும்போதுதான் முழங்கால் கெஞ்சும். அடியில் ஜல்லி புரளும், செருப்பு உதவாது.

வெட்டுக்குள் சுவரை நெருங்கிப் பாருங்கள். வெடி வைக்கத் தமர் அடித்த (துளையிட்ட) தடங்கள் அப்படியே இருக்கின்றன. ஒருவர் கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாறையில் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் விட்டுத் தூளை வழித்தெடுத்து, வெடி வைத்து, சிதறிய கல்லைக் கூடையில் சுமந்து கொட்டினார்கள். நாளொன்றுக்கு ஒரு மீட்டர் என்றிருந்த துளையின் ஆழம் 1943 நடுவில் இரண்டு, மூன்று மீட்டராக ஏறியது. அந்த மழைக்காலத்தில்தான் காலராவும் பரவியது. ஓரிடத்தில் ஒடிந்த கம்பி ஒன்று இன்னும் பாறைக்குள்ளேயே நிற்கிறது.

•

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயிலிலும் போவதானால், போகும்போது இடப்பக்க ஜன்னல் பிடியுங்கள். ‘தாம் கிராசே’ என்ற இடத்தில் பாறையை ஒட்டி நிற்கும் மரப்பாலமும் ஆறும் அந்தப் பக்கம்தான்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், எல்லாம் நேச நாட்டுப் போர்க்கைதிகளுடையவை. நம்மவர் பெயரை அங்கே தேட வேண்டாம். இறந்த கைதிகள் 12,000க்கு மேல், ஆசியத் தொழிலாளர்களோ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். பதிவேடும் இல்லை, தனிக் கல்லறையும் இல்லை. அவர்களுக்கான நினைவிடம் வாட் தாவோர்ன் வராராம் கோயில் வளாகத்தில் இருக்கிறது, தமிழர்களுக்கான நடுகல்லும் அங்கேதான். சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிறுத்துவதில்லை. ஏறும் முன்பே ஓட்டுநரிடம் கோயில் பெயரைச் சொல்லிப் பேசிவிடுங்கள்.