தாமிரக் காம்ப்ளெக்ஸ் 40 மைக்ரோமோலார் வரை டிஎன்ஏவைத் தொடவே இல்லை, 60இல் முழுக்க வெட்டுகிறது. ஏன்?

கேள்வி:
இரண்டு பினான்த்ரோலின் (உலோகத்தைப் பிடிக்கும் கரிம மூலக்கூறு) சேர்ந்த தாமிர(II) காம்ப்ளெக்ஸ். பியூசி19 பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) 300 நானோகிராம் (டிஈ பஃபரில் 1 மைக்ரோலிட்டர்), தாமிரத்தை ஒடுக்க அஸ்கார்பேட் 1 மில்லிமோலார், டிரிஸ் பிஎச் 7.4, மொத்தம் 20 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 30 நிமிடம். காம்ப்ளெக்ஸ் ஸ்டாக் டிஎம்எஸ்ஓ கரைப்பானில், அதில் 1 மைக்ரோலிட்டர் விடுகிறேன். ஜெல்லில் 40 வரை சூப்பர்காயில் (வெட்டுப்படாத முறுக்கிய வடிவம்) பட்டை அப்படியே நிற்கிறது, 60இல் எல்லாமே நிக் (ஓர் இழை அறுந்தது), 80இல் ஸ்மியர் (துண்டுகள் பரவிய தடம்). ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடிக்கட்டும் என்று மேற்கொண்டு 0.2 மோலார் டிஎம்எஸ்ஓ போட்டும் வெட்டு குறையவில்லை. ஹைட்ராக்சில் ரேடிக்கல் இல்லை என்று எழுதலாமா?

பதில் 1:
எழுதாதீர்கள். முதலில் டிஈ பஃபரைப் பாருங்கள். அதில் உலோகத்தைப் பிடிக்கும் ஈடிடிஏ 1 மில்லிமோலார். 20இல் 1 மைக்ரோலிட்டர் என்றால் குழாயில் 50 மைக்ரோமோலார். பினான்த்ரோலினிடமிருந்தும் தாமிரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த 50 தீர்ந்த பிறகுதான் உங்கள் வினையே ஆரம்பிக்கிறது.
பிளாஸ்மிட்டை வீழ்படிவாக்கி மாற்றுங்கள்: பத்தில் ஒரு பங்கு 3 மோலார் சோடியம் அசிடேட் (பிஎச் 5.2), இரண்டரை மடங்கு எத்தனால், 70 சதவீத எத்தனாலில் ஒரு கழுவல், பிறகு வெறும் நீரில் கரையுங்கள். ஈடிடிஏவை வினையை நிறுத்த மட்டும் கடைசியில் சேருங்கள். அதைச் சேர்க்காமல் ஜெல்லில் ஏற்றினால் கிணற்றுக்குள்ளேயே வெட்டு தொடரும்.

கேள்வி கேட்டவர்:
காப்பர் குளோரைடு மட்டும் போட்ட லேனும் (ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் தடம்) 40 வரை சும்மாதான் இருந்தது.

பதில் 2:
அப்படியானால் ஈடிடிஏதான். டிஎம்எஸ்ஓ விஷயம் தனி. 20இல் 1 என்றால் 5 சதவீதம், அதாவது சுமார் 0.7 மோலார் ஏற்கெனவே எல்லா லேனிலும் இருக்கிறது. அதன் மேல் 0.2 போட்டு என்ன தெரியும்? நீரில் கரையும் நைட்ரேட் உப்பாகத் தயாரித்து, டிஎம்எஸ்ஓ இல்லாத ஒரு லேனோடு ஒப்பிடுங்கள்.
அப்போதும் குறையாவிட்டால் ரேடிக்கல் இல்லை என்று ஆகாது. பினான்த்ரோலின்-தாமிரம் டிஎன்ஏவின் மைனர் குரூவில் (குறுகிய பள்ளத்தில்) உட்கார்ந்து அங்கேயே ஆக்சிடன்டை உண்டாக்குகிறது, கரைசலில் திரியும் ஸ்கேவஞ்சருக்கு (டிஎம்எஸ்ஓ போல ரேடிக்கலைப் பிடிக்கும் பொருளுக்கு) அது எட்டாது. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி நல்ல சோதனை. பக்கத்து லேனில் கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த கேட்டலேஸ் கட்டாயம். நியோகுப்ரோயின் தாமிர(I)ஐப் பிடிப்பதால் அதுவும் ஒரு லேன். பட்டைகளை அளக்கும்போது சூப்பர்காயில் எத்திடியம் சாயத்தைக் குறைவாகவே ஏற்கும், திருத்தக் காரணியை மறக்காதீர்கள்.

பதில் 3:
செல் சோதனைக்குப் போகும்போது பினான்த்ரோலின் மட்டும், தாமிர உப்பு மட்டும் என்று இரண்டு கட்டுப்பாடுகளும் வேண்டும். பினான்த்ரோலின் தனியாகவே உலோகங்களைப் பிடித்துச் செல்லைக் கொல்லும். மீடியத்தில் சீரம் ஆல்புமினும் ஹிஸ்டிடினும் தாமிரத்துக்குப் போட்டியிடும், அதனால் குழாயில் பார்த்த காம்ப்ளெக்ஸ்தான் உள்ளே போகிறது என்று நம்ப முடியாது. அஸ்கார்பேட் இருக்கும் கிணற்றில் எம்டிடி (உயிருள்ள செல்லை அளக்கும் சாயம்) தானாகவே நிறம் மாறும்.
செல் செத்தது டிஎன்ஏ வெட்டால்தான் என்று சொல்ல காமா-எச்2ஏஎக்ஸ் அல்லது காமெட் (டிஎன்ஏ முறிவைக் காட்டும் சோதனைகள்) வேண்டும், அதையும் செல்கள் சாவதற்கு முன்பே, முதல் சில மணி நேரத்துக்குள் பாருங்கள். செத்துக்கொண்டிருக்கும் செல் எதிலும் டிஎன்ஏ துண்டாகத்தான் இருக்கும். 2022இல் குப்ரோப்டோசிஸ் (தாமிரத்தால் நேரும் செல் சாவு) விவரிக்கப்பட்ட பிறகு, லிபோயிக் அமிலம் ஏறிய மைட்டோகாண்ட்ரியா புரதங்களில் தாமிரம் ஒட்டுகிறதா என்ற கேள்வியும் கட்டாயம் வரும்.