சவுக்கு வெட்டிய வருடத்தை வைத்து எங்கள் வருமானத்தை அளக்கலாமா?

சவுக்குத்தோப்பு, கடலூர்:

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்க ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்ததை 2022-இல் உயர்த்தினார்கள், அது நல்ல காரியம். மகளிர் உரிமைத் தொகைக்கு வரம்பு 2.5 லட்சம், கல்லூரிப் பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் அதே 2.5 லட்சம். எங்கே போனாலும் ஆண்டு வருமானம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. சவுக்கு வைத்தவன் எந்த ஆண்டைச் சொல்வான்? கன்று நட்டு, களை எடுத்து, தண்ணீர் விட்டு, கிளை கழித்து மூன்று நான்கு வருடம் செலவு மட்டும்தான், உள்ளே ஒரு ரூபாய் வராது, அப்புறம் ஒரு நாள் வெட்டி லாரியில் ஏற்றினால் அத்தனை வருடத்துப் பணமும் ஒரே வருடத்தில் கைக்கு வருகிறது, அதில் பாதி ஏற்கெனவே வாங்கிய கடனுக்குப் போய்விடுகிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் தோப்பு வெட்டிய வருடம் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடம்தான் அவர் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன். வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார்கள்.

நான் கேட்பது இரண்டு. விவசாயிக்கு மூன்று வருடச் சராசரி பாருங்கள். விற்ற காசை அப்படியே வருமானமாக எழுதாமல் செலவைக் கழித்து எழுதுங்கள். 3 ஏக்கர் நெல், ஏக்கருக்கு 20 குவிண்டால் என்று வைத்துக்கொள்வோம், 2025-26 சீசனில் சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகையோடு சேர்த்து குவிண்டால் 2,545, மொத்தம் 1,52,700. காப்பீட்டு அட்டை கிடையாது. ஏக்கருக்கு 32,000 செலவு என்று போட்டால் மிஞ்சுவது 56,700. இந்த இரண்டில் எது அந்தக் குடும்பத்தின் வருமானம்?

மஞ்சக்குப்பம் கணக்கர்:

அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் வரவு செலவு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் கேட்கிறேன், இந்த மூன்று வருடச் சராசரியை யார் சரிபார்ப்பது? விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் ரிட்டர்ன் கிடையாது, வீட்டில் கணக்குப் புத்தகமும் கிடையாது. வியாபாரிக்கு விற்றால் ரசீது இல்லை, ஆள்கூலிக்கும் ரசீது இல்லை. ஒரு வருடத்துக்கே வாய்வார்த்தைதான் ஆதாரம், மூன்று வருடம் என்றால் மூன்று வாய்வார்த்தை. உரிமைத் தொகைக்கு வருமானச் சான்றையோ நில ஆவணத்தையோ இணைக்கவே வேண்டாம் என்று சொல்லித்தான் 2023-இல் விண்ணப்பம் வாங்கினார்கள்.

சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2020-இல் மத்திய அரசு விவசாயிகளுக்குப் பணம் தரும் பிஎம் கிசான் திட்டத்தின் பதிவைச் சுலபமாக்கினார்கள், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில் நிலமே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் பெயரில் பணம் போனது, சுமார் 110 கோடி, சிபிசிஐடி விசாரணை வரை வந்தது. அதற்குப் பிறகு உண்மையான விவசாயிதான் ஒவ்வொரு கேஒய்சி அடையாளச் சரிபார்ப்புக்கும் அலைந்தார். எனக்குக் கேட்டால் வருமானத்தையே விட்டுவிட்டு நிலத்தை மட்டும் அளவுகோலாக வைக்கலாம். பட்டா பொய் சொல்லாது.

காட்டுமன்னார்கோயில் குத்தகைதாரர்:

பட்டா பொய் சொல்லாது, ஆனால் யார் உழுகிறார் என்பதையும் சொல்லாது, சார். வீராணம் பாசனத்தில் நான் பயிர் செய்வது முழுக்க அடுத்தவர் நிலம். பிஎம் கிசான் வருடத்துக்கு 6,000, பட்டா இருப்பவருக்கு மட்டும். 2019 ஜூனிலிருந்து அதற்கு ஏக்கர் வரம்பே கிடையாது. வரி கட்டாதவராக இருந்தால் ஐம்பது ஏக்கர்காரருக்கும் உண்டு, மூன்று ஏக்கர் குத்தகைக்காரனுக்கு இல்லை. 2025-இல் விவசாயிகளுக்குத் தனித்துவ எண் கொடுக்க முகாம் போட்டார்கள், பட்டா, ஆதார், கைபேசி கொண்டு வரச் சொன்னார்கள். நான் என்ன கொண்டு போவது? நிலத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது எங்களை மொத்தமாகக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள், அது உங்கள் எண்ணம் இல்லை என்றாலும்.

மஞ்சக்குப்பம் கணக்கர்:

குத்தகையை எழுத்தில் போட்டுக்கொள்ளலாமே? குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969-லிருந்து இருக்கிறதே.

காட்டுமன்னார்கோயில் குத்தகைதாரர்:

எந்த மிராசுதாரர் எழுதித் தருவார்? 1955-ஆம் வருடச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி பதிவாகிவிட்டால் எளிதில் வெளியேற்ற முடியாது என்று அவர்களுக்குப் பயம். அதனால் எல்லாம் வாய்ப்பேச்சு, ஒவ்வொரு சம்பாவுக்கும் புதிதாகப் பேசுவது. எழுதிக் கேட்டால் அடுத்த வருடம் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். எங்களைக் காப்பாற்ற வந்த சட்டம்தான், குறை சொல்லவில்லை, ஆனால் இன்றைக்கு அதன் பயத்தால் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில், எங்கள் பெயர் ஏறுவதில்லை. அடங்கலில் பெயர் இல்லாவிட்டால் பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம், கூட்டுறவு வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் நிலக்காரர் மனது வைக்க வேண்டும். மழையில் அழிந்தது என் பயிர், நிவாரணம் அவர் கணக்குக்குப் போனால் பிறகு நான் போய்க் கேட்டு நிற்க வேண்டும்.

பலா முந்திரி, பண்ருட்டி:

நிலத்தை மட்டும் பார்ப்பதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், அதைத் தாண்டினால் உரிமைத் தொகை இல்லை. எங்கள் செம்மண்ணில் பத்தரை ஏக்கர் முந்திரி வைத்திருப்பவரைப் பணக்காரர் என்கிறது அந்தக் கணக்கு. 2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்தப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பட்டாவில் நிலம் அப்படியே இருந்தது, மரம் இல்லை. நெல்லாக இருந்தால் அடுத்த போகத்தில் எழுந்து நிற்கலாம், முந்திரி கன்று வைத்துக் காய்ப்புக்கு வந்து முழு மகசூல் எடுக்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தனை வருடமும் காகிதத்தில் நாங்கள் பத்து ஏக்கர்காரர்கள். இப்போதும் மாசியிலிருந்து வைகாசி வரை வருவதுதான் வருமானம், பூக்கிற நேரத்தில் மேகமூட்டமும் பூச்சியும் வந்தால் அதுவும் இல்லை.

டிராக்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கார், ஜீப்போடு டிராக்டரையும் நான்கு சக்கர வாகனம் என்று சேர்த்து உரிமைத் தொகையை மறுத்தார்கள். 2025-இல் அரசு மானியத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள். மானியம் கிடைக்காமல் பைனான்ஸில் வாங்கி மாதாமாதம் தவணை கட்டுகிறவர், மானியம் வாங்கியவரைவிட வசதியானவரா?

மஞ்சக்குப்பம் கணக்கர்:

டிராக்டர் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், தொழில் கருவியைச் சொகுசாக எண்ணக் கூடாது. ஆனால் சராசரி கேட்கும் அண்ணன் ஒன்றை யோசிக்கவில்லை. சராசரி இரண்டு பக்கமும் வெட்டும். இரண்டு வருடம் நன்றாக விளைந்தது, மூன்றாம் வருடம் வெள்ளத்தில் எல்லாம் போனது என்றால், சராசரி எடுத்தால் அந்த ஆள் வரம்புக்கு மேலேதான் இருப்பார். உதவி தேவைப்படும் வருடத்திலேயே உதவி கிடைக்காது. ஒரு வருடக் கணக்கு என்றால் அந்த வருடம் அவருக்குக் கிடைத்திருக்கும். சவுக்குக்கு நல்லது செய்யப் போய் நெல்லைக் கெடுக்கிறோம்.

சவுக்குத்தோப்பு, கடலூர்:

அப்படியானால் இந்த வருட வருமானம், மூன்று வருடச் சராசரி இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளட்டும். பல வருடம் பார்ப்பது அரசுக்குப் புதிதும் இல்லை. பயிர்க் காப்பீட்டில் உத்தரவாத மகசூலைக் கணக்கிட ஏழு வருட மகசூலை எடுத்து, அதில் நல்ல ஐந்து வருடத்தின் சராசரியைத்தான் அடிப்படையாக வைக்கிறார்கள். ஓபிசி கிரீமிலேயரிலும், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் கணக்கிலும், தொடர்ந்து மூன்று வருடம் 8 லட்சத்தைத் தாண்டினால்தான் விலக்கு, அதிலும் விவசாய வருமானத்தைச் சேர்ப்பதில்லை. மகசூல் வருடத்துக்கு வருடம் மாறும் என்று ஒரு துறைக்குத் தெரிகிறது, அதே மகசூலை விற்று வரும் வருமானமும் மாறும் என்று இன்னொரு துறை ஏற்றுக்கொள்ள மறுப்பது என்ன நியாயம்?

ரசீது இல்லை என்றீர்கள், ரசீதே வேண்டாம். ஒவ்வொரு வருடமும் மாவட்டத் தொழில்நுட்பக் குழு எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று நிர்ணயிக்கிறது, அது சாகுபடிச் செலவை வைத்துப் போடுகிற கணக்குதானே. காப்பீட்டுக்காக அறுவடைப் பரிசோதனை செய்து ஊரின் சராசரி மகசூலை எடுக்கிறார்கள். பரப்பு அடங்கலில் இருக்கிறது. மூன்றும் அரசின் கையிலேயே இருக்கும்போது எங்கள் வாய்வார்த்தை எதற்கு?

மஞ்சக்குப்பம் கணக்கர்:

செலவுக்கு அந்தக் கடன் அளவை எடுத்துக்கொள்ளலாம் என்பது நடைமுறைக்கு வரும் யோசனை, அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டில் குறைவானது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ஆட்டோ ஓட்டுகிறவர், தெருவில் பழக்கடை போட்டிருப்பவர், பந்தல் போடும் தொழிலாளி, இவர்களுக்கும் ஒரு மாதம் போல் ஒரு மாதம் இல்லை. விவசாயிக்கு மட்டும் இரண்டு கணக்கில் சௌகரியமானது என்றால் அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

தேவனாம்பட்டினம் கடற்கரை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எங்கள் வீடு மீன்பிடி வீடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அதற்குக் குடும்பத்துக்கு 8,000 நிவாரணம், முன்பு 5,000 ஆக இருந்தது. அந்தத் தொகை போதாது, அது வேறு கதை. ஆனால் போன வருடம் எவ்வளவு சம்பாதித்தாய் என்று கேட்டா கொடுக்கிறார்கள்? இந்த மாதங்களில் வருமானம் இருக்காது என்று தெரிந்து கொடுக்கிறார்கள். நட்டுவிட்டு அறுவடைக்குக் காத்திருக்கும் மாதங்களுக்கு விவசாயக் குடும்பத்துக்கும் அப்படிக் கேட்கலாமே.

பாகூர் ஏரிக்கரை:

கடற்கரை நண்பர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து இரு கரையும் மூழ்கியது. எங்கள் புதுச்சேரியில் ரேஷன் அட்டைக்கு 5,000, பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 அறிவித்தார்கள். உங்கள் பக்கம் குடும்பத்துக்கு 2,000, பாசன நெல்லுக்கு 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால் ஹெக்டேருக்கு 17,000. எங்கள் ஊர்க்காரர்களில் சிலருக்கு வீடு இங்கே, வயல் கடலூர் மாவட்டத்தில். ஒரே ஆறு, ஒரே தண்ணீர், வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் ஒரு தொகை. அதனால் எனக்கு வருமானத் தகராறைவிட, பயிர் போனால் பயிருக்கு என்ன கிடைக்கும், யார் கைக்குக் கிடைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

காட்டுமன்னார்கோயில் குத்தகைதாரர்:

யார் கைக்கு என்று கேட்டீர்களே, அதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். சராசரி எடுத்தாலும், செலவைக் கழித்தாலும், தடைக்காலம் போல மாதம் குறித்துக் கொடுத்தாலும், பட்டியலில் என் பெயர் இல்லாவிட்டால் எனக்கு எதுவும் மாறப்போவதில்லை. ஆந்திராவில் 2019-இல் ஒரு சட்டம் போட்டார்கள், பதினோரு மாதத்துக்குச் சாகுபடியாளர் உரிமை அட்டை, நிலத்தின் மேல் எந்த உரிமையும் வராது, ஆனால் பயிரின் மேல் வரும் கடனும் காப்பீடும் நிவாரணமும் பயிர் செய்கிறவருக்கு. அங்கேயும் நிலக்காரர் கையெழுத்து வேண்டும், அது சிக்கல்தான் என்கிறார்கள். இருந்தாலும் நிலம் பறிபோகும் என்ற பயத்துக்கு அதில் இடமில்லை. நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழுவும் 2024 டிசம்பரில் 6,000-ஐ 12,000 ஆக்கவும், குத்தகைக்காரருக்கும் கூலி ஆட்களுக்கும் கொடுக்கவும் பரிந்துரைத்தது. இன்றைய 6,000-இல் 1,350 ரூபாய் டிஏபி உரம் ஐந்து மூட்டைகூட வாங்க முடியாது, அதுவும் எங்களுக்கு இல்லை.

2024 நவம்பரில் வேளாண் கல்லூரிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பி மின்னணு முறையில் பயிரைப் பதிந்தார்கள். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று எழுதினார்கள். யார் பயிர் செய்தது என்று பக்கத்து வயல்காரரைக் கேட்டு ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் எங்கள் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

மஞ்சக்குப்பம் கணக்கர்:

பக்கத்து வயல்காரர் சாட்சி என்பது ஊர்ப் பகையில் போய் முடியும். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்து எழுத வேண்டும், அடங்கல் என்பதே அதற்காகத்தான் இருக்கிறது. ஒரு நிபந்தனையும் வேண்டும், அடங்கலில் பெயர் வருவது குத்தகை உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் நிலக்காரர்கள் பயிரே செய்யாமல் தரிசாகப் போட்டுவிடுவார்கள்.

சவுக்குத்தோப்பு, கடலூர்:

சரி, அடுத்த மாதம் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்துவிடுவோம். செலவு கழித்த வருமானம், சராசரி, அடங்கலில் பயிர் செய்பவர் பெயர், டிராக்டருக்கு விலக்கு.

காட்டுமன்னார்கோயில் குத்தகைதாரர்:

அடங்கலை முதலில் போடுங்கள் அண்ணே. கடைசியில் போட்டால் அதைப் பற்றிப் பேச நேரம் கிடைக்காது.

பலா முந்திரி, பண்ருட்டி:

முந்திரியும் பலாவும் சாய்ந்தால் திரும்பக் காய்க்கும் வரையில் அந்த நிலத்தை ஏக்கர் வரம்பில் சேர்க்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம் கணக்கர்:

சராசரிக்கு என் கையெழுத்து கிடையாது, அதைத் தனித் தாளில் எழுதுங்கள். மற்றவற்றுக்குக் கையெழுத்துப் போடுகிறேன், செலவு கழித்த கணக்கைப் பயிர்வாரியாக நானே போட்டும் தருகிறேன். இந்த வருடக் கடன் அளவுப் பட்டியலும் பழைய அடங்கல் நகலும் யாரிடம் இருந்தாலும் கூட்டத்துக்கு முன் அனுப்பிவையுங்கள்.