ஜீன் கிளார்க்கின் தனி ஆல்பங்கள் குறித்து ஓர் உதவி

குழு அன்பர்களுக்கு வணக்கம். 1966-இல் தி பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவிலிருந்து விலகிய பாடகர் ஜீன் கிளார்க்கின் தனி ஆல்பங்களைக் கடந்த சில மாதங்களாகத் தேடிக் கேட்டு வருகிறேன். அக்குழுவின் தொடக்கக் காலப் பாடல்களில் பலவற்றை எழுதியவர் அவரே என்றாலும், அவர் தனியாக வெளியிட்டவை அன்று விலைபோகவே இல்லை. பாடகர்களான காஸ்டின் சகோதரர்களுடன் அவர் பாடிய முதல் ஆல்பத்தை, கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1967-இல் பேர்ட்ஸ் குழுவின் புதிய ஆல்பத்தை ஒட்டியே வெளியிட்டது. தன் பழைய நண்பர்களுடனேயே போட்டியிட வேண்டியிருந்தால் யார்தான் கவனிக்கப்படுவார்? பெரும் பொருட்செலவில் உருவாகி 1974-இல் வந்த 'நோ அதர்' கூட, 2019-இல் மறுபதிப்பு வந்தபோதுதான் பலரின் காதை எட்டியது.

எனக்கு இரண்டு உதவிகள் தேவை. முதல் ஆல்பத்தின் ஒலிக்கலவையை மாற்றி, 1972-இல் 'எர்லி எல்.ஏ. செஷன்ஸ்' என்ற பெயரில் மீண்டும் வெளியிட்டார்கள் அல்லவா, அதையும் 1967-ஆம் ஆண்டு இசைத்தட்டையும் அருகருகே வைத்துக் கேட்டவர்கள், குரலிலும் கிட்டாரிலும் என்ன வேறுபாடு தெரிகிறது என்று விளக்க முடியுமா? அடுத்து, 1973-இல் நெதர்லாந்தில் மட்டும் வெளியான 'ரோட்மாஸ்டர்' இசைத்தட்டின் மூலப் பதிப்பு எவரிடமேனும் இருந்தால், அதன் பின்னட்டையைப் படமெடுத்துப் பகிர வேண்டுகிறேன். பேர்ட்ஸின் முதல் ஐவரும் பங்கேற்ற இரு பாடல்கள் அதில் உள்ளதால், வாத்தியக்காரர்களின் பெயர்கள் எவ்வாறு அச்சிடப்பட்டுள்ளன என்று பார்க்க விரும்புகிறேன். மறுபதிப்பின் அட்டை என்னிடம் உள்ளது, அது வேண்டாம்.