ஆசியான் நட்பால் நமக்கு என்ன கிடைத்தது?

கடாரத்தான்:
2018 குடியரசு நாள் அணிவகுப்பில், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் பத்து நாட்டுத் தலைவர்களும் தில்லி மேடையில் ஒன்றாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. 1980இல் கம்போடியாவில் வியட்நாம் ஆதரவு அரசை இந்தியா அங்கீகரித்ததும் முகம் திருப்பிக்கொண்ட அமைப்பு இது. அங்கிருந்து 1992இல் துறைசார் கூட்டாளி, 1995இல் முழு உரையாடல் கூட்டாளி, 2002 முதல் உச்சிமாநாடு என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறோம். 2022-23இல் இருதரப்பு வணிகம் 13,000 கோடி டாலரைத் தாண்டியது.

இப்போது சிலர், 2010இல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தத்தையே தூக்கிப்போடச் சொல்கிறார்கள். 2019 நவம்பரில் பாங்காக்கில், ஆசியானோடு சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்த ஆர்சிஇபி வணிக ஒப்பந்தப் பேச்சிலிருந்து எழுந்து வந்ததே தவறு என்று நினைப்பவன் நான். இருக்கிற ஒரு கதவையும் சாத்திவிட்டால் கிழக்கில் நம்மை யார் தேடுவார்கள்?

மிளகுக்கொடி:
கடாரத்தான் அண்ணா, மேடையில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நாங்கள் தாண்டிக்குடியில் கொடிக்குக் கீழேதான் நிற்கிறோம். 2016இல் கிலோ 700 ரூபாயை ஒட்டி விற்ற மிளகு, 2019 வாக்கில் ஏறக்குறைய பாதிக்கு வந்தது. ஏணி வைத்துப் பறிக்கிற கூலி மட்டும் பாதியாகவில்லை. அந்த வருஷம் பறித்ததைக் களத்தில் காயவைத்துவிட்டு, விற்பதா வேண்டாமா என்று அப்பா மூன்று மாதம் மூட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

2009இலேயே கேரளாவில் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து மனிதச் சங்கிலி பிடித்தார்கள். ஒப்பந்தம் வந்த புதிதில், 2010-11இல், சுமார் 500 கோடி டாலராக இருந்த வணிகப் பற்றாக்குறை 2022-23இல் 4,300 கோடி டாலருக்கு மேல். சுங்கப் பட்டியலில் உள்ள பொருள் வகைகளில் 71 சதவீதத்தை இந்தியா திறந்துவிட்டதாகவும் இந்தோனேசியா 41 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டதாகவும் நம் அரசுத் தரப்பே சொல்கிறது. நட்பு என்றால் இரண்டு கையும் நீள வேண்டாமா?

துறைமுகவாசி:
துறைமுகத்தில் சுங்க வேலை முடித்துச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்டாக இருபது வருஷம் ஓட்டியவன். மிளகுக்கொடி தம்பியின் வலி நியாயமானது. ஆனால் குற்றவாளியைத் தவறாகக் காட்டுகிறார் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆசியான் ஒப்பந்தத்தில் மிளகு 'சிறப்புப் பொருள்' பட்டியலில் இருக்கிறது. பாமாயில், காப்பி, தேயிலை எல்லாம் அதே பட்டியல்தான். மிளகுக்கு இருந்த 70 சதவீத வரியைப் படிப்படியாக 50க்குத்தான் குறைத்தார்கள். விலையில் பாதியை வரியாகக் கட்டி வியட்நாம் மிளகை நேராக இறக்கி லாபம் பார்ப்பது லேசில்லை.

அப்படியானால் எப்படி வந்தது? இலங்கை வழியாக. இலங்கையோடு நமக்குத் தனி ஒப்பந்தம் உண்டு. ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. அதற்கு மேல் போனாலும் சாஃப்டா என்கிற தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தக் கணக்கில் 8 சதவீதம்தான். வியட்நாம் மிளகைக் கொழும்பில் இறக்கி, இலங்கை மிளகு என்று சான்றிதழ் வாங்கி அனுப்புகிறார்கள் என்ற புகார் அப்போது ஊரெல்லாம் பேசப்பட்டது. அதனால்தான் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். ஓட்டை, சரக்கு எங்கே விளைந்தது என்று பார்க்கிற இடத்தில் இருந்தது.

மிளகுக்கொடி:
இலங்கைக் கணக்கு எனக்கும் தெரியும் ஐயா. ஆனால் விளைந்த இடத்தைப் பார்க்கிற சிக்கல் ஆசியான் சரக்கிலும் உண்டுதானே? சீனப் பொருள் வியட்நாம் சட்டை போட்டுக்கொண்டு வருவதாகத்தானே எல்லாரும் சொல்கிறார்கள்?

துறைமுகவாசி:
இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆசியான் சரக்குக்கு 'ஏஐ படிவம்' என்ற தோற்றச் சான்றிதழ் வரும். அங்கே 35 சதவீத மதிப்பாவது கூடியிருக்க வேண்டும். அதோடு பொருளின் ஆறு இலக்கச் சுங்கக் குறியீடும் மூலப்பொருளின் குறியீட்டிலிருந்து மாறியிருக்க வேண்டும். காகிதத்தில் கறாரான விதி. ஆனால் அந்த 35 சதவீதத்தை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று முன்பெல்லாம் இறக்குமதியாளரிடம் யாரும் துருவ மாட்டார்கள். படிவத்தில் முத்திரை இருந்தால் சரக்கு வெளியே போய்விடும். 2020 செப்டம்பரில் புதிய சுங்க விதிகள் வந்தபின், கேட்டால் கணக்கைக் காட்டும் பொறுப்பு இறக்குமதியாளர் தலையில் விழுந்தது. எனக்கு வேலை இரட்டிப்பானது. ஆனாலும் அது சரியான விதி என்றே சொல்வேன். இதை இறுக்குவதற்கு ஒப்பந்தத்தைக் கிழிக்க வேண்டியதில்லை.

சிராங்கூன்:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பற்றாக்குறை என்கிற ஒரே எண்ணை வைத்து அடித்துக்கொள்கிறீர்கள். அதற்குள் இந்தோனேசிய நிலக்கரியும் பாமாயிலும் இருக்கின்றன. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இந்தியா அவற்றை வாங்கத்தான் செய்யும். இன்னொரு பக்கம், இந்தியாவுக்கு வரும் நேரடி அந்நிய முதலீட்டில் சிங்கப்பூர் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருக்கிறது. அந்தப் பணம் சரக்குக் கணக்கில் தெரியாது.

ஆனால் கடாரத்தானுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இருப்பவர்கள் இந்தியாவை வெறுக்கவில்லை, காத்திருந்து சலித்துவிட்டார்கள். ஆசியான் எதையும் கருத்தொருமித்தே முடிவெடுக்கும், மெதுவாகத்தான் நகரும். அந்த ஆசியானையே இந்தியா காக்கவைக்கிறது. 2020இல் ஆர்சிஇபி கையெழுத்தானபோது உங்கள் நாற்காலி காலி. சீனாவோடு ஆசியானுக்கு உள்ள வணிகம் உங்களோடு உள்ளதைவிடப் பல மடங்கு. பிலிப்பைன்சுக்கு பிரம்மோஸ் ஏவுகணை கொடுத்தது பெரிய காரியம்தான், 2022இல் ஒப்பந்தம் போட்டு 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்துவிட்டது. மற்ற விஷயங்களிலும் அந்த வேகம் வேண்டும்.

எல்லைக்கல்:
எல்லாரும் கப்பலையும் காகிதத்தையும் பேசுகிறீர்கள். நான் சாலையைப் பேச வந்தேன். எங்கள் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது கையில் இருந்ததோடு கப்பலேறி வந்தார். அப்படி வந்தவர்களில் சிலர் இங்கே பிழைக்க முடியாமல், நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது.

அந்த மோரேயிலிருந்துதான் மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை புறப்படுகிறது. பேச்சு தொடங்கியது 2002இல். மியான்மருக்குள் தமுவிலிருந்து கலேவா வரை 69 பாலங்களை மாற்றுவது இந்தியாவின் பொறுப்பு. கலேவா–யார்ஜி 120 கிலோமீட்டரும் நம் பொறுப்பு. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, உள்நாட்டுப் போர் வந்தது. 2023இல் மணிப்பூரே பற்றி எரிந்தது, மோரேயும் தப்பவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு லாரி நேராகப் போய்வர வழியில்லை. வன்முறையை நிறுத்திப் பேச்சு நடத்தச் சொன்ன ஆசியானின் ஐந்து அம்சத் திட்டத்தை மியான்மர் ராணுவம் மதிக்கவில்லை. நாமும் அழுத்திப் பேசவில்லை. நட்பின் பேரில் இந்த மௌனம் எனக்கு ஏற்பில்லை.

கடாரத்தான்:
மௌனம் என்று ஒரே சொல்லில் முடிக்க முடியுமா, எல்லைக்கல்? மியான்மரோடு நமக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. ஜகார்த்தா பேசுவதுபோல் தில்லி பேச முடியாது. ஆனால் சாலை விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. 2021க்கு முன்பே பத்தொன்பது வருஷம் கையில் இருந்ததே.

மிளகுக்கொடி, சரக்கில் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் 2023இல் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய இரு தரப்பும் இசைந்தன. உள்ளே உட்கார்ந்து பேசினால்தானே இந்தோனேசியாவின் 41ஐ உயர்த்தச் சொல்ல முடியும்? வெளியே போனவன் பேச்சை யார் கேட்பார்கள்?

மிளகுக்கொடி:
உட்கார்ந்து பேசட்டும் அண்ணா, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே ஜவுளிக்கும் மருந்துக்கும் இடம் கேட்கும்போது, பதிலுக்கு விட்டுக்கொடுக்கிற பொருளாக மிளகின் 50 சதவீத வரியை மேசையில் வைத்துவிடாதீர்கள். அந்த உறுதி கிடைத்தால் ஒப்பந்தம் இருந்துவிட்டுப் போகட்டும். கிடைக்காதவரை நான் எதிர்ப்பக்கம்தான்.

துறைமுகவாசி ஐயா, ஒரு உதவி. அந்த ஏஐ படிவத்தில் எந்தக் கட்டத்தில் மதிப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். எங்கள் விவசாயிகள் குழுவில் எல்லாருக்கும் காட்ட வேண்டும்.

துறைமுகவாசி:
பெயர், விலை எல்லாம் மறைத்த பழைய மாதிரி ஒன்று இருக்கிறது. நாளை காலை கட்டம் கட்டமாக விளக்கி இங்கேயே போடுகிறேன். முதலில் அந்தக் குறியீட்டைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள் தம்பி, முழு மிளகுக்கு ஒன்று, பொடித்ததற்கு வேறொன்று.