பள்ளியில் உளவியலாளரைச் சந்தித்த அனுபவம் உண்டா? இங்கே சொல்லுங்கள்

திருச்சி அம்மா

"ஸ்கூல் கவுன்சிலர் உங்களைப் பார்க்க வேண்டும்" என்று மகனின் டைரியில் எழுதி வந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அவன் அப்போது நான்காம் வகுப்பு. "பையனுக்கு ஏதோ மனநோய்னு சொல்லப் போறாங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டதும் பயம் இரட்டிப்பானது.

மகனிடம் கணக்கை வாயால் கேட்டால் டக்கென்று விடை வரும். அதையே புத்தகத்தில் படித்துப் போடச் சொன்னால் கண் கலங்கிவிடும். சோம்பல் என்றே நினைத்தோம். டியூஷனில் அடி வாங்கினான். நானும் அடித்திருக்கிறேன்.

விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில் சின்ன அறை. கவுன்சிலர் மேடம் முதலில் மார்க்கைப் பற்றிப் பேசவே இல்லை. பிறந்ததும் அழுதானா, எப்போது பேச ஆரம்பித்தான், கண்ணும் காதும் சோதித்தாயிற்றா, வீட்டில் வேறு யாருக்காவது படிக்கக் கஷ்டம் இருந்ததா என்று கேட்டார். அப்புறம் இரண்டு தாள்களை என் முன்னால் வைத்தார்.

"இது போர்டைப் பார்த்து எழுதினது. இது நான் சொல்லச் சொல்ல எழுதினது."

முதல் தாளில் ஒரு பிழைகூட இல்லை. இரண்டாவதில் 'கொடி' 'கெடி' ஆகியிருந்தது, 'தோட்டம்' 'தேட்டம்' ஆகியிருந்தது. முன்னால் கொம்பைப் போட்டவன் பின்னால் துணைக்காலை விட்டுவிட்டிருக்கிறான். ஒரு இடத்தில் இல்லை, பக்கம் முழுக்க அப்படித்தான். நான்கு வருடமாக அவன் நோட்டைப் பார்க்கிறேன். என் கண்ணில் பட்டதெல்லாம் சிவப்பு மைதான், இது படவில்லை.

"படிக்கிறதும் எழுதுறதும் மட்டும் கஷ்டமா வர்ற டிஸ்லெக்சியாவா இருக்கலாம்மா. சோதிச்சுப் பார்க்காம நான் முடிவா சொல்லக் கூடாது" என்று சொல்லி, ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். கண், காது பரிசோதனை முடிந்ததும் பினே-காமத் என்கிற நுண்ணறிவுச் சோதனை, பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்குக்குத் தனித்தனிச் சோதனைகள். மூன்று நாள் போய் வந்தோம். அறிவுத்திறன் வயதுக்குரிய அளவைவிடக் கொஞ்சம் மேலேயே இருந்தது. வாசிப்பு மட்டும் இரண்டு வகுப்பு பின்னால்.

அந்த அறிக்கையைவிட, அதற்கப்புறம் கவுன்சிலர் மேடம் செய்ததுதான் எனக்குப் பெரிது. வகுப்பாசிரியரிடம் பேசி, எல்லோர் முன்னாலும் இவனை எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்தினார். கெட்டி அட்டையில் ஒரு வரி தெரியும் அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்தார். அதைப் பக்கத்தின் மேல் நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும். அந்த அட்டை நைந்து போய் இன்னும் வீட்டில் இருக்கிறது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பள்ளி ஆலோசகர், கோவை

அக்கா, எங்கள் வேலையின் பாதி நீங்கள் சொன்ன அந்த வகுப்பாசிரியர் பேச்சில்தான் இருக்கிறது. பிள்ளையிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு அதே வகுப்புக்குத் திருப்பி அனுப்பினால், வகுப்பு மாறாதவரை அவனுக்கு எதுவும் மாறாது. அதனால்தான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து வகுப்பைக் கவனிப்போம், இடைவேளையில் மைதானத்தில் நிற்போம்.

எங்களைப் பற்றிப் பெற்றோருக்குப் பெரிய குழப்பம் இருக்கிறது. நாங்கள் மருந்து எழுத மாட்டோம், அது மனநல மருத்துவரின் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். அறிக்கை வாங்கும்போது அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், தவறே இல்லை.

ஓர் அனுபவம் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பெண். திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லை. 'நடிக்கிறாள்' என்று என்னிடம் அனுப்பினார்கள். இரண்டு முறை வந்தும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது முறை ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியையும் பள்ளியையும் படமாக வரையச் சொன்னேன். பிடித்த இடத்துக்குப் பச்சை, பிடிக்காத இடத்துக்குச் சிவப்பு. வகுப்பறை பச்சை. நூலகம் பச்சை. கணக்கு மிஸ் நிற்கும் இடம்கூட மஞ்சள்தான். வேனின் பின்சீட்டை மட்டும் காகிதம் கிழியும் அளவுக்குச் சிவப்பாகத் தேய்த்திருந்தாள்.

வேனில் மூன்று பேர் அவளை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். சீட்டை மாற்றினோம், உதவியாளர் அக்காவைப் பின்னால் உட்காரச் சொன்னோம். கேலி செய்த மூவரையும் தனித்தனியாக அழைத்துப் பல வாரம் பேசினேன். அதில் ஒருத்திக்கு வீட்டில் அதைவிட மோசமான பேச்சு விழுந்துகொண்டிருந்தது.

ரகசியம் காப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளை வந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீ உன்னைக் காயப்படுத்திக்கிற மாதிரி இருந்தாலோ, வேற யாருக்காவது ஆபத்துன்னாலோ, உன்னை யாராவது தப்பா நடத்துனாலோ, நான் சொல்லியாகணும். யார்கிட்ட சொல்றேன்னு உனக்குத் தெரியாம செய்ய மாட்டேன்." பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் என்றால், அதற்கென்றே உள்ள 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரியவந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று தயங்க அதில் இடமில்லை.

சிபிஎஸ்இ பள்ளிகளில் முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ஆசிரியர் யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். காலையில் "சத்தம் போடாதே" என்று அதட்டிய என்னிடம் மாலையில் ஒரு பிள்ளை எப்படி மனதைத் திறக்கும்? இதை நிர்வாகத்துக்குப் புரியவைக்கத்தான் நான் அதிகம் போராடியிருக்கிறேன்.

முன்னாள் மாணவி

எனக்கு நடந்தது வேறு. பள்ளியின் பெயர் வேண்டாம். பிளஸ் ஒன் படித்தபோது, அப்பா குடித்துவிட்டு வந்து சண்டை போடுவதை அழுதுகொண்டே கவுன்சிலரிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, ரெக்கார்டு நோட்டு வைக்க ஸ்டாஃப் ரூமுக்குப் போனால், வேறொரு மிஸ் எல்லோர் முன்னாலும் "வீட்ல அப்பா இப்ப எப்படிம்மா இருக்கார்?" என்கிறார். அன்பாகத்தான் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே கால் நடுங்கியது.

அதற்கப்புறம் ஆறு வருடம் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. வேலைக்குப் போன பிறகுதான் மறுபடி ஒரு உளவியலாளரைப் பார்த்தேன். கோவை மேடம் முதல் நாளே சொல்வதாக எழுதிய அந்த வார்த்தைகளை இன்று இரண்டு மூன்று முறை படித்தேன். அன்று எனக்கு யாராவது அப்படிச் சொல்லியிருக்கலாம்.

கணக்கு ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

எங்களுடையது அரசு மேல்நிலைப் பள்ளி. நிரந்தர ஆலோசகர் கிடையாது. நடமாடும் ஆலோசனை வேன் ஒருமுறை வந்தது. உளவியலாளர் வேப்பமரத்தடியில் எல்லாப் பிள்ளைகளிடமும் பேசினார். தேர்வு பயம், தூக்கம், செல்போன் என்று நன்றாகவே பேசினார். முடிந்ததும் "தனியாகப் பேச நினைப்பவர்கள் வரலாம்" என்றார். ஓரிருவர் வருவார்கள் என்று நினைத்தேன். வேனுக்குப் பக்கத்தில் வரிசை நீண்டது. வகுப்பில் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு பையன் அந்த வரிசையில் நின்றான். மாலை அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்தபோதும் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் அந்தப் பெயர்களைக் கொடுத்து, "சார், தினம் ஒருத்தரை மட்டும் கூப்பிட்டுச் சாப்பிட்டியான்னு கேளுங்க, போதும். அறிவுரை வேண்டாம்" என்றார்.

செய்தேன். சிரிக்கும் பையன் பதினோராம் நாள்தான் பேசினான். அம்மா வீட்டை விட்டுப் போயிருந்தார். தங்கைக்குச் சமைத்து வைத்துவிட்டு அவன் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான்.

2017இல் பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது நல்ல முடிவு. ஆனாலும் மே மாதம் முடிவு வரும் வாரம் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு எண்களை எழுதிப் போட்டிருக்கிறேன். பள்ளிக் கல்வித் துறை உதவிக்கு 14417. மனநல உதவிக்கு, எந்த நேரமும் அழைக்கலாம், 14416. கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் எண் வேறு, ஆள் வேறு. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஓர் ஆளாவது வேண்டும், வந்த பிள்ளையை அடுத்த வாரமும் அதே ஆள் பார்க்க வேண்டும். இதை எந்தக் கூட்டத்தில் வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்கிறேன்.

ஒரு அப்பா, மதுரை

திருச்சி சகோதரி, என் மகளுக்கும் இதே மாதிரி அறிக்கை வந்திருக்கிறது. இப்போது எட்டாம் வகுப்பு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்ன செய்தீர்கள்?

திருச்சி அம்மா

சார், இப்போதே தொடங்கிவிடுங்கள். டிஸ்லெக்சியாவும் அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. எனவே சலுகையை யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாட விலக்கு இவையெல்லாம் கேட்கலாம். கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

எழுத ஆள் கிடைத்தாலும் பிள்ளைக்குச் சொல்லிப் பழக வேண்டும், இதை எங்கள் கவுன்சிலர் மேடம்தான் எச்சரித்தார். மகன் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. சனிக்கிழமை தோறும் பழைய வினாத்தாளை எடுத்து உட்காருகிறோம். அவன் சொல்வான், நான் எழுதுவேன். போன வாரம் அறிவியல் விடை ஒன்றைப் பாதியில் நிறுத்தி, "அம்மா, கடைசி வரியைத் திரும்பப் படி, ஒரு வார்த்தையை விட்டுட்ட" என்றான். பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன்.