புதுப்பிப்பு: நேம்சர்வரை மாற்றியும் பழையதே வந்தது ஏன்?

டபிள்யூஎச்எம்மில் (பல தளங்களை ஒரே சர்வரில் நிர்வகிக்கும் பேனல்) இயல்பு நேம்சர்வர்களை (ஒரு டொமைன் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் சர்வர்கள்) எங்கள் சொந்த டொமைனின் என்எஸ்1, என்எஸ்2 என்று மாற்றியும் வாடிக்கையாளர் தளங்கள் பழையதையே காட்டுகின்றன என்று போன வாரம் கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அந்த அமைப்பு (செட்டிங்) இனிமேல் திறக்கும் கணக்குகளுக்கு மட்டும்தான். புதுக் கணக்கின் டிஎன்எஸ் ஸோனில், அதாவது அந்த டொமைனின் முகவரி விவரங்கள் இருக்கும் கோப்பில், எந்த என்எஸ் (நேம்சர்வர்) பதிவுகளை எழுதவேண்டும் என்பதற்கான மாதிரி அது. ஏற்கெனவே இருக்கும் ஸோன்களைத் தொடாது. எனக்கு இது தெரியவில்லை. பதினோரு ஸோன்களையும் கையால் திருத்தினேன், ஒரு மாலை போயிற்று.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் வேறு. பேனலில் நாம் எதை எழுதினாலும், உலகம் தேடிப் போவது டொமைன் பதிவாளரிடம் (டொமைனைப் பதிந்து தந்த நிறுவனத்திடம்) கொடுத்திருக்கும் நேம்சர்வரைத்தான். அங்கே ஒவ்வொரு டொமைனுக்கும் தனியாக மாற்றவேண்டும். எங்கள் என்எஸ்1 எங்கள் டொமைனுக்குள்ளேயே இருப்பதால் அதன் ஐபி முகவரியையும் பதிவாளரிடம் பதியவேண்டியிருந்தது. இதைத்தான் குளூ ரெக்கார்டு என்கிறார்கள். அது இல்லாவிட்டால், வீட்டுக்கு வழி கேட்டவரிடம் 'உள்ளே வந்து கேளுங்கள்' என்று சொன்ன கதைதான். இதைச் சுட்டிக்காட்டிய நண்பருக்குத் தனி நன்றி, நானாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

மாற்றப் போகிறவர்கள் பழைய சர்வரை உடனே அணைத்துவிடாதீர்கள். .காம் டொமைன்களின் நேம்சர்வர் விவரம் 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள் வரை மற்றவர்களின் தற்காலிக நினைவகத்தில் இருக்கும். நாங்கள் ஒரு வாரம் விட்டுவைத்திருக்கிறோம்.